ஏரிக்கரை ஏற்றத்தில் தட்டிய வண்டி

போன செவ்வாய்க்கிழமை, காலை பதினோரு மணி. பளீரென்று வெயில். பாகூர் ஏரிக்கரை மேல் கார் ஏறிக்கொண்டிருக்கிறது. ஸ்டீயரிங் என் கையில். பக்கத்து சீட்டில் தெரேஸ் — என் சிநேகிதன் அந்துவானின் சம்சாரம். எனக்குத் தங்கச்சி முறை. அந்துவான் போய்ச் சேர்ந்து பதினோரு மாதம் ஆகிறது. கார் அவனுடையது.

ஏற்றத்தில் பாதி ஏறியிருப்போம். வண்டிக்குள்ளிருந்து ஒரு சத்தம்.

டக்... டக் டக்.

ஒன்று. ஓர் இடைவெளி. அப்புறம் இரண்டு. அதோடு சரி. கரைமேல் ஏறியதும் வண்டி பூனை மாதிரி ஓடுகிறது.

தெரேஸ் டேஷ்போர்டின் மேல் உள்ளங்கையை வைத்தாள். தூங்குகிறவர் தோளில் கை வைப்பது போல, பதமாக.

"அவருதாண்ணே. கதவத் தட்டுறாரு. எந்தக் கதவுன்னுதான் தெரில."

ஏ.சி. முழு வேகத்தில் ஓடிக்கொண்டிருந்தது. எனக்கு வியர்த்துவிட்டது. எந்தக் கதவு என்று எனக்குத் தெரியும்.

இருங்கள்... முதலிலிருந்து வருகிறேன்.

வாராவாரம் படிக்கிறவர்களுக்கு என்னைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை. புதிதாக இந்தப் பக்கத்தைப் புரட்டுகிறவர்களுக்குச் சொல்கிறேன் — நான் நாலாம் வகுப்பு. அதுவும் பாதிதான். சேதராப்பட்டில் லாரி கழுவிய கை இது. இன்றைக்கு வில்லியனூரில் என் பெயர் போட்ட ஷெட்டில் ஒன்பது டாக்சி நிற்கிறது. எவரும் தூக்கிவிடவில்லை. என் காது தூக்கிவிட்டது. தெருமுனையில் வண்டி திரும்பும்போதே சொல்வேன், மூன்றாவது பிளக் போச்சு, பெல்ட் இன்னும் பத்து நாள்தான் என்று. படித்த பையன்கள் லேப்டாப்பை மாட்டி அரைமணி நேரம் உற்றுப் பார்த்துவிட்டு அதையேதான் சொல்வார்கள். இப்படி ஒரு காது இந்தக் கொம்யூன் பஞ்சாயத்திலேயே கிடையாது. பீற்றிக்கொள்கிறேனா? ஆமாம். சம்பாதித்து வைத்திருப்பதைத்தானே பீற்றிக்கொள்கிறேன்?

அப்படிப்பட்ட காதுக்கு இந்தச் சத்தம் பிடிபடவில்லை. ஊருக்கு அப்படித்தான் சொல்லி வைத்திருந்தேன்.

அந்துவான் ஒரு சொல்தா. பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்துவிட்டு வந்து பென்சனில் உட்கார்ந்திருப்பவர்களை எங்கள் பக்கம் அப்படித்தான் சொல்வது. நானும் அவனும் மச்சான் என்றுதான் கூப்பிட்டுக்கொள்வோம். அவன் பாகூரில், நானும் பாகூரில், நடுவே இரண்டு தெரு. நாலு வருஷத்துக்கு முன்னால் ஒரு வெளிநாட்டுக் கம்பெனி கார் எடுத்தான். சின்ன இன்ஜின்தான். ஆனால் காற்றை அமுக்கி உள்ளே தள்ளுகிற டர்போ வைத்தது. அதற்கு ஆரம்பத்திலிருந்தே விலை கூடின பெட்ரோல்தான் போடுவான். சாதாவை ஊற்றவே விடமாட்டான். பங்க்கில் இறங்கி நின்று, எந்தக் குழாயை எடுக்கிறார்கள் என்று பார்த்துக்கொண்டே இருப்பான்.

எனக்கு அது பொறுக்கவில்லை. ஏன் என்று கேட்காதீர்கள். ஒன்பது வண்டி ஓட்டுகிறவனுக்குத் தெரியாத விஷயம் ஒரு வண்டி வைத்திருப்பவனுக்கு எப்படித் தெரியும்?

நானும் சும்மா பேசுகிற ஆள் இல்லை. என் டாக்சி ஒன்றில் மூன்று தடவை டேங்க் நிறைய விலை கூடின பெட்ரோல் ஊற்றி ஓட்டிப் பார்த்தேன். டேங்க் டு டேங்க் கணக்கு. மைலேஜ் ஒரு பொட்டுகூட ஏறவில்லை. இழுவையும் அதே இழுவைதான். தீர்ப்பு சொல்லிவிட்டேன் — இதெல்லாம் ஏமாற்று வேலை.

சொன்னதோடு விட்டேனா? ஒரு கல்யாணப் பந்தியில், இலை போட்டு உட்கார்ந்திருக்கும்போது, நாலு பேர் காதில் விழுகிற மாதிரி ஆரம்பித்தேன். "எங்க மச்சானுக்கு பிரெஞ்சுக்காரன் பென்சன் குடுக்குறான்பா. அதான் வண்டிக்குக்கூட ஒயின் ஊத்துறாரு." பந்தியே சிரித்தது. பரிமாறுகிறவன் சாம்பார் வாளியைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தான்.

அந்துவான் சிரிக்கவில்லை. கோபிக்கவும் இல்லை.

"உன் வண்டிக்கு அது வாணாம் மச்சான். என் வண்டிக்கு வேணும். ரெண்டும் ஒண்ணு இல்ல," என்றான். பாயசத்துக்கு இருக்காமல் எழுந்து கை கழுவப் போய்விட்டான்.

மூன்று வாரம் பேச்சு இல்லை. தப்பு என்னுடையது. நான் எப்படி முதலில் போவது?

இதுவரை யாரிடமும் சொல்லாததை இப்போது எழுதுகிறேன்.

ஒரு நாள் காலை பத்து மணி. வீட்டில் நான் மட்டும். வெளியே கார் வந்து நிற்கும் சத்தம். யார் கார் என்று கேட்க வேண்டுமா? அப்புறம் இரும்பு கேட்டில் தட்டினான். அவன் விரலில் பட்டாளத்து மோதிரம் ஒன்று உண்டு. இரும்பில் இரும்பு படுகிற மாதிரிதான் அவன் தட்டுவான். டக்... டக் டக். முப்பது வருஷமாக அதே தட்டு. காலிங் பெல் வைத்த பிறகும் அதே தட்டுதான்.

நான் டி.வி. சத்தத்தைக் குறைத்தேன். எழுந்திருக்கவில்லை. இன்னொரு தடவை தட்டட்டும் என்று இருந்தேன். தட்டினான். இன்னும் ஒரு தடவை தட்டட்டும். தட்டினான். மூன்றாவது தடவை ரொம்ப மெதுவாக இருந்தது. பிறகு காரை எடுத்துக்கொண்டு போய்விட்டான். நான் ஜெயித்துவிட்ட மாதிரி உட்கார்ந்திருந்தேன்.

பத்தரை மணிக்கு ஏரிக்கரை மேல், கார் இன்ஜின் ஓடிக்கொண்டே நிற்கிறது, உள்ளே சொல்தா தண்ணீரைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருக்கிறார் என்று வலை போட வந்தவர்கள் ஆள் அனுப்பினார்கள். நான்தான் முதலில் ஓடினேன். தண்ணீரைப் பார்த்துக்கொண்டுதான் இருந்தான். கூப்பிட்டதற்குத் திரும்பவில்லை. மாரடைப்பு என்றார் டாக்டர்.

சமாதானத்துக்கு வந்தானா? நெஞ்சு வலித்து, பக்கத்தில் இருக்கிற ஒரே டிரைவர் நான் என்று வந்தானா? இந்த இரண்டில் எது என்று தெரியாமல் பதினோரு மாதம் தின்று, தூங்கி, எழுந்தேன்.

முப்பதாம் நாள் பூசை முடியும் வரை கார் அவர்கள் வீட்டு வாசலிலேயே நின்றது. தெரேசுக்கு ஓட்டத் தெரியாது. மகள் பிரான்சில். வண்டியை நிறுத்திப் போட வேண்டாம், மாமாவிடம் கொடுத்து ஓடவிடு என்று மகள் சொல்லிவிட்டாள். கோயில், பென்சன் ஆபீஸ், ஆஸ்பத்திரி என்று தெரேசை எங்கே அழைத்துப்போக வேண்டுமானாலும் அதே காரில்தான் அழைத்துப்போவேன்.

முதல் சில வாரம் ஒரு தொந்தரவும் இல்லை. பிறகுதான் ஆரம்பித்தது. ஊர் முழுக்க ஓட்டினாலும் ஒன்றும் இல்லை. அந்த ஏற்றத்தில் மட்டும்... டக்... டக் டக்.

என் டிரைவர் முருகையனிடம் ஓட்டிப் பார்க்கச் சொன்னேன். இருபது வருஷ சர்வீஸ்காரன். போனவன் வண்டியைக் கரைமேல் விட்டுவிட்டு நடந்தே வந்தான். "மொதலாளி, இன்ஜின் சத்தம் எனக்குத் தெரியாதா? உள்ள ஆளு இருக்குது. நம்மளத்தான் கூப்புடுது." மறுநாள் என்னைக் கேட்காமலே முன்னால் எலுமிச்சம்பழம், மிளகாய் கட்டிவிட்டான். நான் அவிழ்க்கச் சொல்லவில்லை.

பிளக் மாற்றினேன். இன்ஜின் மவுண்ட் இறுக்கினேன். வண்டிக்கு அடியில் படுத்து ஒவ்வொரு போல்ட்டாகத் தட்டிப் பார்த்தேன். தட்டிப் பார்க்கும்போது உள்ளேயிருந்து பதில் வந்துவிடுமோ என்று கையை நிறுத்தி நிறுத்தித் தட்டினேன். மைலேஜும் விழுந்துவிட்டது. அந்துவான் பதினாறு சொல்வான். எனக்குப் பதிமூன்றைத் தாண்டவில்லை. பாரம் ஏறின வண்டி மாதிரி இழுத்தது.

யாருடைய பாரம் என்று நான் என்னையே கேட்டுக்கொள்ளவில்லை.

சரி, போன செவ்வாய்க்கு வருகிறேன். தெரேசை வீட்டில் இறக்கிவிட்டுத் திரும்பும்போது பெட்ரோல் லைட் எரிந்தது. வழக்கமாக வில்லியனூரில், எனக்குப் பழக்கமான பங்க்கில்தான் போடுவேன். அன்றைக்கு அவ்வளவு தூரம் தாங்காது. பாகூர் ரோட்டு பங்க்கில் திருப்பினேன். அந்துவான் வழக்கமாகப் போடுகிற பங்க். அவன் போன பிறகு நான் அங்கே போனதில்லை.

சூப்பர்வைசராக ஒரு பெண், செல்வி என்று பெயர். ஆட்டோமொபைல் டிப்ளமோ படித்துவிட்டு, சேதராப்பட்டில் ஒரு கம்பெனியில் ஷிப்ட் பார்த்தவள். சாதா என்று சொன்னேன். அவள் காரைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், குழாயை எடுக்கவே இல்லை.

"சொல்தா ஐயா வண்டிக்கா சாதா கேக்குறீங்க?"

பெட்ரோல் மூடியைத் திறந்தவள், உள்பக்கம் விரலால் தடவினாள். இங்கே ஒட்டியிருந்த ஸ்டிக்கர் எங்கே என்று கேட்டாள்.

எனக்கு ஒரு பழக்கம் உண்டு. என் ஷெட்டுக்குள் எந்த வண்டி நுழைந்தாலும் முதல் வேலை, பிளேடு எடுத்துப் பழைய ஸ்டிக்கரையெல்லாம் சுரண்டுவது. பழைய ஓனர் அடையாளம் ஒன்றுகூட இருக்கக்கூடாது. மூடிக்குள் இங்கிலீஷில் ஏதோ பொடிப்பொடியாகப் போட்டிருந்தது. எனக்கு இங்கிலீஷ் வராது. பக்கத்தில் நின்ற யாரையாவது கேட்டிருக்கலாம். கேட்டால் படிக்கத் தெரியாது என்று ஆகிவிடுமே? சுரண்டிவிட்டேன்.

அதில், இத்தனை ஆக்டேனுக்குக் குறைவாகப் போடாதே என்று எழுதியிருந்ததாம்.

ஆக்டேன் என்றால் பவர்தானே, என் டாக்சிக்கு ஊற்றிப் பார்த்தேனே, ஒன்றும் ஏறவில்லையே என்று மடக்கினேன். அவள் அசரவில்லை.

"அந்த நம்பரு பவரு இல்லைங்கய்யா. பொறும. சிலிண்டருக்குள்ள பிஸ்டன் பெட்ரோலயும் காத்தயும் அமுக்குதில்ல? பிளக்குல பொறி வந்து, நெருப்பு ஒழுங்கா பரவி வர்ற வரிக்கும் அது தாங்கணும். தாங்க முடியாத பெட்ரோலு, தன் மொற வர்றதுக்கு முன்னாடி மூலைல தானா வெடிச்சிடும். அதான் தட்டுது."

என் டாக்சிகள் கம்மியாகத்தான் அமுக்குமாம். சாதா பெட்ரோலின் பொறுமையே அதற்குப் போதும். அதற்குமேல் ஊற்றுவது வீண் — அந்த வரைக்கும் என் தீர்ப்பு சரிதான், எழுதிக்கொள்ளுங்கள். ஆனால் டர்போ வண்டி நெருக்கி அமுக்கும். அதற்குப் பொறுமை கூடின பெட்ரோல் வேண்டும். இந்த நாளில் பெட்ரோலில் என்னென்னமோ கலந்து வருகிறது, நம்பரும் மாறிக்கொண்டே இருக்கிறது. அதனால் அடுத்தவன் பேச்சைக் கேட்காதீர்கள், என் பேச்சையும் சேர்த்து. உங்கள் வண்டி மூடிக்குள் என்ன எழுதியிருக்கிறதோ அதைப் படியுங்கள். படிக்கத் தெரியாவிட்டால் கேளுங்கள்.

அப்படியானால் அந்த ஏற்றத்தில் மட்டும் ஏன்? செல்வி சிரித்தாள். நம் ஊரில் வேறு எங்கே மேடு இருக்கிறது? சுற்றிலும் நெல்லும் கரும்பும். தரையில் இன்ஜினுக்குப் பாரமே இல்லை. கரையில் ஏறும்போதுதான் மூச்சு முட்டும். முதல் சில வாரம் ஏன் தட்டவில்லை? அது அந்துவான் கடைசியாக நிரப்பின டேங்க். அவன் போட்ட பெட்ரோல் தீர்ந்த பிறகுதான் சத்தம் ஆரம்பித்திருக்கிறது. நான் போட்ட சாதாவில்.

ஒன்று மட்டும் பாக்கி இருந்தது. மூன்று தட்டோடு ஏன் நின்றுவிடுகிறது?

"வண்டிக்குள்ள ஒரு காது வச்சிருக்காங்கய்யா. சென்சாரு. தட்டற சத்தம் கேட்டா ஒடனே பொறிய கொஞ்சம் தள்ளிப் போட்டுக்கும். விட்டுக் குடுக்குது. இன்ஜின் பொழச்சிக்கும், மைலேஜ்தான் போவும். ஆனா எத்தினி நாளிக்கு விட்டுக் குடுக்கும்? இப்டியே ஓட்டுனா ஒரு நாளு பிஸ்டன் ஒடஞ்சிடும்."

தட்டுகிற சத்தம் கேட்டால் வண்டிகூட விட்டுக்கொடுக்கிறது. இந்தக் கொம்யூனிலேயே பெரிய காது என்னுடையது. எனக்கும்தான் கேட்டது.

பேய் இல்லை, பெட்ரோல்தான். சிரித்திருக்க வேண்டியவன் நான். சிரிப்பு வரவில்லை. அந்தக் கடைசி டேங்க்கை நீதான் நிரப்பினாயா என்று கேட்டேன். ஆமாம், அவர் போன அன்றைக்குக் காலையில்தான் என்றாள். அன்றைக்கு அந்துவான் சிரித்துச் சிரித்துப் பேசினானாம். மச்சானை வண்டியில் போட்டுக்கொண்டு ஏரிக்கரை மேல் ஏற்றிக் காட்டப் போகிறேன், அப்போதாவது ஒத்துக்கொள்கிறானா பார்க்கலாம் என்று சொன்னானாம்.

சமாதானத்துக்குத்தான் வந்திருக்கிறான். பதினோரு மாதத்தில் முதல் தடவையாக ஒழுங்காக மூச்சு விட்டேன்.

குழாயை மாட்டிவிட்டு அவளே திரும்பவும் சொன்னாள். "இன்னா ஒண்ணு... எப்பவும் எறங்கி நின்னு குழாயப் பாப்பாரு. அன்னிக்கு எறங்கவே இல்லைங்கய்யா. தோளத் தடவினே உள்ளயே ஒக்காந்துனு இருந்தாரு."

விட்ட மூச்சு திரும்பி உள்ளே போய் அடைத்துக்கொண்டது.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து தெரேசை அதே காரில் ஏற்றினேன். டேங்க் நிறைய விலை கூடின பெட்ரோல். விஷயத்தை அவளிடம் சொல்லவில்லை. ஏற்றம் வந்தது. அவள் வழக்கம்போல டேஷ்போர்டில் கையை வைத்துக்கொண்டாள். நான் மிதித்தேன்.

ஒன்றும் இல்லை. பாதி ஏற்றம்... ஒன்றும் இல்லை. கரைமேல் ஏறிவிட்டோம்.

சத்தம் வந்தபோது பயம். வராதபோது அதைவிடப் பயம். தெரேஸ் கையை எடுக்கவே இல்லை. "போயிட்டாராண்ணே?" என்றாள், ரொம்ப மெதுவாக.

அந்துவானை எந்த இடத்தில் பார்த்தோமோ அதே இடத்தில் வண்டியை நிறுத்தினேன். இன்ஜினை அணைத்துச் சாவியைச் சட்டைப் பையில் போட்டேன். ஏரியில் காற்று இல்லை. தண்ணீர் தகடு மாதிரி கிடந்தது. ஒரு கொக்குகூட அசையவில்லை. சொன்னேன். பெட்ரோலைச் சொன்னேன். சுரண்டின ஸ்டிக்கரைச் சொன்னேன். பிறகு கேட். டி.வி. சத்தத்தைக் குறைத்தது. மூன்று தடவை. மூன்றாவது மெதுவாக இருந்தது. செல்வி சொன்ன தோள். எல்லாவற்றையும்.

தெரேஸ் தண்ணீரையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவனும் அப்படித்தான் பார்த்துக்கொண்டிருந்தான்.

"தெரியும்ண்ணே."

நான் அவள் பக்கம் திரும்பினேன்.

"உங்க வூட்டு கேட்டாண்ட அவரு நின்னத பனித்திட்டுலேந்து வர்ற மீன்காரம்மா பாத்துச்சு. எழவு வூட்லயே வந்து சொல்லிச்சு. நீங்க உள்ளதான் இருந்தீங்கன்னும் சொல்லிச்சு. நீங்களா சொல்லுவீங்கன்னு காத்துனு இருந்தேன்."

பதினோரு மாதம். என் பக்கத்திலேயே உட்கார்ந்து, கோயிலுக்கும் பென்சன் ஆபீசுக்கும் வந்துகொண்டு, அண்ணே அண்ணே என்று கூப்பிட்டுக்கொண்டு. வெடிக்காமல். எந்த பங்க்கில் கிடைக்கும் இந்த நம்பர்?

"அப்ப தொறந்திருந்தா பொழச்சிருப்பாரோ என்னமோ. தெரியாது. அத நீங்களும் தெரியாமயே வச்சிக்கினு இருங்க. நானும் இருக்கேன்," என்றாள். மன்னித்தேன் என்று சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை.

கிளம்பலாம் என்று சட்டைப் பைக்குள் கை விட்டேன்.

டக்... டக் டக்.

சாவி என் பையில். இன்ஜின் அணைந்து கிடக்கிறது. சூடான இரும்பு ஆறும்போது சத்தம் போடும், எனக்குத் தெரியாதா? நாற்பது வருஷமாகக் கேட்கிறேன். ஆனால் அது டிக் டிக் என்று அவசரமாக அடிக்கும். ஒன்று அடித்து, இடைவெளி விட்டு, யோசித்து அடிக்காது. பானெட்டில் அடிக்கும். பின் கதவில் அடிக்காது.

தெரேஸ் இந்தத் தடவை டேஷ்போர்டைத் தொடவில்லை. என்னைத்தான் பார்த்தாள்.

இறங்கினேன். பின்னால் சுற்றிப் போய்க் கதவை அகலமாகத் திறந்தேன். சீட் காலியாக இருந்தது. ஓர் ஆள் ஏறி உட்கார எவ்வளவு நேரம் ஆகுமோ அவ்வளவு நேரம் நின்றேன். மெதுவாகச் சாத்தினேன்.

அங்கிருந்து அவர்கள் வீடு வரைக்கும் அந்த இன்ஜின் மூன்று ஆள் பாரம்தான் இழுத்தது... என் காது பொய் சொல்லாது.